பிள்ளை மடியில் இருக்கும்போது எதைப் படிக்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இது: தென்காசிப் பக்கம் தாய் வீட்டில் இருக்கிறீர்கள். பிள்ளைக்கு இரண்டாம் மாதம் நடக்கிறது. மகப்பேறு விடுப்பில் ஆசை தீரப் படித்துவிட வேண்டும் என்று வாங்கி வைத்த நாவல்கள் அப்படியே கிடக்கின்றன. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் மனம் நழுவிவிடுகிறது. ரசித்துப் படிக்கும்படி என்னதான் இருக்கிறது?

முதலில், உங்கள் மனதுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும் பிள்ளையை வைத்திருப்பவளுக்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். போன வாரம் மூடி வைத்த அத்தியாயத்தில் யாருக்கு யார் என்ன உறவு, கடிதத்தை ஒளித்து வைத்தவர் யார் என்பதையெல்லாம் அந்தத் தலை எங்கே நினைவில் வைத்திருக்கும்? முடிச்சின் மேல் முடிச்சாகப் போடப்பட்ட கதைகள் இப்போது கைகொடுக்காததற்குக் காரணம் அவ்வளவுதான்.

எனவே நான் சொல்வது ஒன்றே ஒன்று. இந்த மாதங்களில் கதைக்காகப் புத்தகம் தேடாதீர்கள், குரலுக்காகத் தேடுங்கள். எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட வேண்டும். நான்கு வரி படித்துவிட்டுப் பிள்ளை அழுகிறதே என்று மூடினாலும் அந்த நான்கு வரி நான்கு வரியாகவே மனதில் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட எழுத்து நம் திருநெல்வேலிச் சீமையில் கொட்டிக் கிடக்கிறது.

குரல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிற எல்லோரும் பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். பால் போதுமா, இரவில் தூங்குகிறதா, யார் ஜாடை என்று கேட்கிறார்கள். பிள்ளையிடம் பேசுகிறார்கள், பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்களிடம் உங்களாகவே பேசுகிற ஆள் நாள் முழுவதும் ஒருவர்கூட இருப்பதில்லை. 2017 முதல் சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் விடுப்பு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். எனக்குக் கிடைத்தது 26 வாரம். அத்தனை வாரமும் வீடு நிறைய ஆட்கள் இருந்தும் பேச்சுத் துணை இல்லாமல் தவிக்கிற தவிப்பு எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நல்ல புத்தகம் பொழுதுபோக்கைவிடப் பெரிய காரியத்தைச் செய்கிறது. நீங்கள் இன்னும் நீங்கள்தான் என்று அது காட்டிவிடுகிறது.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன்.

கு. அழகிரிசாமியிலிருந்து தொடங்குங்கள். அவரும் கி. ராஜநாராயணனும் 1923-இல் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். 1986-இல்தான் தூத்துக்குடி தனி மாவட்டமானது. அழகிரிசாமி குழந்தைகளைப் பற்றி எழுதியதைப் போல் தமிழில் வேறு யாரும் எழுதவில்லை என்பது என் உறுதியான கருத்து. ‘அன்பளிப்பு’ என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகங்கள் வாங்கி வரும் ஒரு மாமாவைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம். ஒரு பையனுக்கு மட்டும் மனதில் ஓர் ஏக்கம். வேறு ஒன்றும் பெரிதாக நடந்துவிடுவதில்லை. ஆனால் படித்து முடித்ததும் உங்கள் பிள்ளையை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பீர்கள். நாளை இதன் மனதில் என்னென்ன ஓடும், அது நம் கண்ணில் படுமா என்ற நினைப்பு வரும். இதே பெயரில் வந்த தொகுப்புக்குத்தான் 1970-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தாய் வீடு வீரவநல்லூரில். பிரசவம் முடிந்து வந்தபோது ஆச்சி என் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் வாங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். “பச்சை உடம்பு. இப்போது கண்ணை வருத்தினால் பின்னால் ஆயுசுக்கும் தலைவலிதான்” என்பது அவள் தீர்ப்பு. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு இருக்கும் என்று நினைக்கிறேன், நம் பக்கத்தில் இல்லாத வீடு குறைவு. பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடமே கேட்டோம். படிப்பதால் பார்வை கெடாது, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மட்டும் படிக்க வேண்டாம் என்றார். ஆச்சி அதை முழுதாக ஏற்கவில்லை. அவள் சொன்னதில் அக்கறை இருந்ததால் எனக்கும் எதிர்த்து நிற்க மனமில்லை.

வழி கண்டுபிடித்தது அம்மா. “நீ கண்ணை மூடிக்கொண்டு படு, நான் படிக்கிறேன்” என்றாள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு வாரப் பத்திரிகையும் கந்த சஷ்டி கவசமும் தவிர வேறு எதுவும் படிக்காதவள் அம்மா. மாலையில் விளக்கு வைத்த பிறகு, உத்தரத்திலிருந்து சேலையில் கட்டிய தொட்டிலின் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் புத்தகத்தை விரித்தாள். முதல் பக்கத்தில் திக்கித் திக்கிப் போனது. பிறகு தொட்டில் போய் வருகிற கதிக்கே வாக்கியங்களும் வந்து சேர்ந்துவிட்டன. கயிற்றை இழுக்கும்போது ஒரு சொற்றொடர், விடும்போது ஒன்று.

கதையில் தீபாவளிக்கு முந்தின நாள். இல்லாத வீடு. அந்த வீட்டு வாசலில் கந்தலோடு, உடம்பெல்லாம் சிரங்கோடு ஒரு பையன் வந்து நிற்கிறான். அவன் பெயர் ராஜா. அந்தத் தாய் தன் பிள்ளைகளோடு அவனையும் சேர்த்துக் குளிப்பாட்டுகிறாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஆச்சி அந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டாள். “அந்தப் பையன் வந்து நின்றதிலிருந்து மறுபடி படி” என்றாள். அம்மா மறுபடி படித்தாள். கதை முடிந்ததும் ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் அவளே வந்து, “நேற்று எழுதினவர் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா?” என்று கேட்டாள். புத்தகம் என் கைக்குத் திரும்பியது அன்றைக்குத்தான்.

அதனால் உங்களுக்கும் சொல்கிறேன், வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவோ மதினியோ வீட்டுக்காரரோ, யார் படித்தாலும் சரி. உங்கள் கண்ணுக்கும் ஓய்வு, கைக்கும் ஓய்வு. பிள்ளைக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் வீட்டுக் குரல்கள் ஏறி இறங்குவது காதில் விழுந்துகொண்டே இருக்கும். பேச்சு வருவதற்குக் குழந்தைக்கு அப்படிக் கேட்பதுதான் அடிப்படை. சுற்றி உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கும் ஒரு புதுப் பேச்சு கிடைக்கும். எங்கள் வீட்டில் ஒரு கதை முடிந்தால் அதை ஒட்டி ஆச்சி தன் காலத்துக் கதை இரண்டைச் சொல்வாள். அவற்றை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

கி. ராஜநாராயணனை வாய்விட்டுப் படிக்காமல் விட்டால் பாதி ருசி போய்விடும். ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி ஓடிவந்து கரிசல் மண்ணில் குடியேறிய மக்களின் கதை. அப்படி ஓடிவந்த கதையை ஒரு முதுபாட்டி சொல்வதாகவே வருகிறது. நாவல்தான், ஆனால் தனித்தனிக் கதைகளைக் கோத்தது போன்ற அமைப்பு. நடுவில் பத்து நாள் விட்டுப்போனாலும் சிக்கல் இல்லை. அது கனமாகத் தோன்றினால் அவருடைய கட்டுரைகளுக்குப் போங்கள். ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யில் சாப்பாடு, மழை, ஆடு மாடு, ஊர் மனிதர்களின் குணங்கள் என்று என்னவெல்லாமோ வரும். ‘பிஞ்சுகள்’ என்று மிகச் சிறிய புத்தகம் ஒன்று உண்டு, பறவைகளின் பின்னால் திரியும் ஒரு சிறுவனைப் பற்றியது. பிள்ளை வளர்ந்த பிறகு அதை அவனுக்கோ அவளுக்கோ மறுபடி படித்துக் காட்டலாம்.

வண்ணதாசன் வேறு மாதிரி. திருநெல்வேலிக்காரர், ‘ஒரு சிறு இசை’ தொகுப்புக்காக 2016-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வது கடினம். ஒரு வீட்டுக்குள் போகிறோம், அங்கே இருப்பவர்களின் கைகளை, முகங்களை, அவர்கள் ஒரு டம்ளரை எடுத்து வைக்கிற விதத்தைப் பார்க்கிறோம். ஒருவர் இன்னொருவரிடம் அன்பாக ஒரு வார்த்தை சொல்கிறார். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் வரவழைத்துக்கொண்டிருக்கும்போது உலகத்தின் மேல் ஒரு கோபம் வரும் பாருங்கள், அதை அவர் எழுத்து ஆற்றிவிடும். கதையளவுக்குக்கூட நேரம் கிடைக்கவில்லையென்றால் அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் ‘எல்லோர்க்கும் அன்புடன்’ என்ற பெயரில் நூலாகியிருக்கின்றன. ஒரு கடிதம், ஒரு பால் வேளை, சரியாக இருக்கும். கல்யாண்ஜி என்ற பெயரில் அவர் எழுதிய கவிதைகள் அதைவிடச் சிறியவை.

சிரிக்க வேண்டும் என்றால் சுகாவின் கட்டுரைகள். ‘தாயார் சன்னதி’, ‘மூங்கில் மூச்சு’ இரண்டையும் சொல்வேன். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள், அங்குள்ள மனிதர்களின் பேச்சு, சாப்பாடு, பாட்டு. ஊரைவிட்டு வெளியே வேலை பார்த்துவிட்டுப் பிரசவத்துக்கு ஊர் திரும்பியவர்களுக்கு இவை மிகவும் பொருந்தும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் இடங்கள் உண்டு. அறுவை சிகிச்சைத் தையல் ஆறாதவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்கலாம், உண்மையாகவே வலிக்கும்.

புதுமைப்பித்தனில் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ முதலில். கடவுள் சென்னைத் தெருவில் ஒரு பிள்ளைவாளிடம் வழி கேட்டு, காப்பி குடித்து, அவர் வீட்டுக்கே விருந்தாளியாகப் போய், அந்த வீட்டுச் சிறுமியோடு விளையாடுகிற கதை. எத்தனை தடவை படித்தாலும் புதிதாக ஒரு வரி அகப்படும். ஆனால் ‘செல்லம்மாள்’ இப்போது வேண்டாம். நோயாளி மனைவியின் மரணத்தில் தொடங்கும் கதை அது. தமிழின் மிகப் பெரிய கதைகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனாலேயே சொல்கிறேன், உடம்பு தேறி, மனம் கெட்டிப்பட்ட பிறகு அதற்கு உரிய மரியாதையோடு படியுங்கள். பஞ்சத்தில் ஊரைவிட்டுப் புறப்படும் குடும்பத்தைப் பற்றிய வண்ணநிலவனின் ‘எஸ்தர்’ கதையும் அப்படித்தான். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களுக்குச் சாவும் பசியும் வருகிற பக்கங்கள் உடம்பிலேயே பாய்கின்றன. புத்தகத்தைத் தருகிறவர்களிடம் “இதில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிறதா?” என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை. நான் கேட்டேன். கதையின் முடிவு தெரிந்துவிட்டால் என்ன? முடிவுக்காகவா படிக்கிறோம்?

வண்ணநிலவனிடம் இப்போதைக்கு ஏற்றது ‘ரெயினீஸ் ஐயர் தெரு’. மெல்லிய புத்தகம். திருநெல்வேலித் தெரு ஒன்றில் எதிரும் புதிருமாக உள்ள வீடுகள், அவற்றில் வாழ்பவர்கள், மழை. ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது நீங்கள் பார்க்கிற தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவில் சுவர் இருக்காது.

நம் ஊருக்கு வெளியிலிருந்து ஒன்றே ஒன்று சொல்கிறேன். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ தமிழில் கிடைக்கிறது. அமைதியாக எழுதலாம் என்று வீட்டுக்கு வருகிறார் எழுத்தாளர். வீடு நிறைய உறவு, குழந்தைகள், கோழிகள், இவற்றுக்கு நடுவில் அவருடைய புத்தகத்தையே தின்றுவிடுகிற ஓர் ஆடு. கைக்குழந்தை உள்ள கூட்டுக் குடும்பத்தில் உட்கார்ந்து அதைப் படிப்பது தனி இன்பம்.

புத்தகத்தை எப்படிக் கையில் பிடிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. முழுத் தொகுப்பு என்று ஆயிரம் பக்கத்தில் கெட்டி அட்டை போட்டு வருகிறதே, அதை இப்போது தொடாதீர்கள். ஒரு கை பிள்ளையின் தலைக்கு அடியில் இருக்கும். மிச்சம் ஒரு கைதான். கட்டைவிரலை நடுப்பக்கத்தில் கொடுத்து, மற்ற விரல்களால் முதுகைத் தாங்கிப் பிடிக்க முடிகிற புத்தகமாக இருக்க வேண்டும். அதாவது இருநூறு பக்கத்துக்குள், மெல்லிய அட்டை, விரித்தால் விரிந்தபடி நிற்கிற பழைய பிரதியானால் இன்னும் நல்லது. புதுப் புத்தகம் மூடிக்கொள்ளப் பார்க்கும். பக்கம் திருப்புகிற சத்தத்துக்கே சில பிள்ளைகள் விழித்துவிடும். அடையாளத்துக்குப் பழைய பஸ் டிக்கெட் போதும். இரவில் விளக்குப் போட முடியாவிட்டால் கைபேசியில் படிக்கலாம், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றி, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு. படுத்துக்கொண்டு மட்டும் வேண்டாம். கண் அசந்தால் கைபேசி நேரே பிள்ளையின் முகத்தில் விழும்.

எங்கே கிடைக்கும் என்றால், முதல் இடம் உங்கள் ஊர்க் கிளை நூலகம். நீங்கள் போக வேண்டியதில்லை. உறுப்பினர் அட்டையைக் கொடுத்து வீட்டில் யாரையாவது அனுப்புங்கள். எழுத்தாளர் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். எங்கள் ஊர் நூலகத்து அண்ணாச்சி, கைக்குழந்தைக்காரிக்கு என்று தெரிந்ததும் எழுதிக் கொடுத்ததோடு சேர்த்து இன்னொன்றையும் அவராகவே தேர்ந்தெடுத்து அனுப்புவார். அவர் தேர்வு பெரும்பாலும் சரியாக இருந்தது. பாளையங்கோட்டைக்கு யாராவது போகிறார்கள் என்றால் மாவட்ட மைய நூலகத்தில் இன்னும் நிறைய உண்டு. கைபேசியில் என்றால் புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002-இல் நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் இலவசமாகவே படிக்கலாம்.

குழந்தை வளர்ப்புப் புத்தகங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது நான்கைந்து வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் புரட்ட. மற்றதற்குச் செவிலியரும் மருத்துவரும் இருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைக்கிற அரை மணி நேரத்தையும் பிள்ளையின் எடையைப் பற்றிய கவலைக்கே கொடுத்துவிடாதீர்கள். இந்த விடுப்பில் இத்தனை புத்தகம் முடிப்பேன் என்ற கணக்கும் வேண்டாம். எண்ணிக்கை வந்துவிட்டால் படிப்பு இன்னொரு வேலையாகிவிடுகிறது. பிடிக்காததைப் பாதியில் மூடுங்கள். பிடித்த கதையை அடுத்தடுத்து மூன்று தடவை படியுங்கள்.

ஆறாம் மாதத்துக்குப் பக்கத்தில், பிள்ளையின் தூக்கம் ஓர் ஒழுங்குக்கு வரும்போது, உங்களுக்கும் நீளமாகப் படிக்கும் பொறுமை தானாகத் திரும்பும். அப்போது கடலோரத்துக்குப் போகலாம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ முதலில், சிறிய நாவல். பிறகு தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ கனமான புத்தகம், அதைப் பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு, வேறு யாராவது அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதைப் படித்தாலும் கேட்டாலும் ருசிக்கவே இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது புத்தகத் தேர்வு சம்பந்தப்பட்டது அல்ல. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வீட்டில் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். வெளியே போக முடியாத நேரத்தில் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் உதவி மையத்தை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் இந்தப் பதிலை வேறு தாய்மார்களும் படிப்பார்கள்.

வாங்கி வைத்த நாவல்களை இப்போதைக்கு அலமாரியில் அடுக்கிவிட்டு, நாளை காலையிலேயே யாரிடமாவது அழகிரிசாமியின் பெயரை எழுதிக் கொடுத்து நூலகத்துக்கு அனுப்புங்கள். படித்த பிறகு உங்கள் வீட்டு ஆச்சி என்ன சொன்னார்கள் என்று கருத்தில் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.